டோரீனின் வழக்கில் நான் செய்த திருத்தம்

உங்கள் காவல் நிலையத்தின் எதிரே வண்டி நிறுத்த இடம் கிடைப்பது குதிரைக்கொம்பாக இருக்கிறது. சுற்றிச் சுற்றி வந்தேன். நிறுத்தக் கூடாது என்று போட்டிருக்கும் மஞ்சள் கோட்டின் மேல் நிறுத்திவிட்டு வந்திருக்கலாம், இந்த மழையில் யாரும் வந்து பார்க்கப் போவதில்லை. ஆனால் ஓய்வு பெறும்வரை ஓட்டுநர் தேர்வு அதிகாரியாக இருந்தவனுக்கு அது ஆகாது. தாமதத்துக்கு மன்னியுங்கள், சார்ஜென்ட்.

வக்கீல் வேண்டுமா என்று கேட்டீர்கள். வேண்டாம். வங்கியின் வக்கீலை எதிர்த்து நானே நின்று பேசி ஜெயித்தவன் நான். அதோடு, மறைப்பதற்கு என்னிடம் எதுவும் இல்லை. நான் பொய் சொல்வதில்லை. இந்த க்ரிம்ஸ்பி ஊரில் யாரை வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள். பாதிப் பேரைத் தேர்வில் தோற்கடித்திருக்கிறேன், ஒருவர்கூட நான் அநியாயம் செய்தேன் என்று சொல்ல மாட்டார்.

டோரீன் என் தங்கை. பள்ளிக்கூடச் சமையலறையில் பிள்ளைகளுக்கு மதியச் சாப்பாடு பரிமாறும் வேலை. பிள்ளைகளையும் கண்ணு என்பாள், தலைமை ஆசிரியரையும் கண்ணு என்பாள். அவள் கணவன் லென் துறைமுகத்து மீன் கிடங்கில் வேலை பார்த்தவன். அவன் இறந்தபோது சவ அடக்கத்துக்குக் கொடுத்த காசோலை, அவள் கணக்கில் இருந்த பணத்தைவிடக் கொஞ்சம் அதிகமாகிவிட்டது. அதற்கு வங்கி கட்டணம் பிடித்தது. கட்டணம் பிடித்ததில் கணக்கு இன்னும் இறங்கி, மின்சாரக் கட்டணம் போகாமல் திரும்பியது. அதற்கும் ஒரு கட்டணம். கழுத்தளவு தண்ணீரில் நிற்பவளிடம் ஏன் நனைந்தாய் என்று கேட்டு அபராதம் போடுவதுபோல, ஒன்றரை வருடம் இப்படியே பிடித்தார்கள். அவள் அதை விதியே என்று விட்டிருப்பாள். நான்தான் விடவில்லை.

அந்த நாளில் நாடு முழுக்கப் பலரும் இதே வழக்கைப் போட்டுக்கொண்டிருந்தார்கள். வக்கீல் தேவையில்லாத சிறு தொகை வழக்கு. கட்டணத்தின் அளவே அநியாயம் என்று டோரீன் பெயரில் மனுவை நான் எழுதினேன். லண்டனில் பெரிய நீதிமன்றம் ஒரு முடிவு சொல்லும்வரை எல்லா வழக்குகளையும் நிறுத்தி வைத்தார்கள். காத்திருந்தோம். கடைசியில் அங்கே வங்கிகள் ஜெயித்தன. எங்கள் மனுவில் எழுதியிருந்த காரணம் அன்றோடு செல்லாக்காசு. மற்றவர்கள் வழக்கைச் சுருட்டிக்கொண்டு வீட்டுக்குப் போனார்கள்.

எங்கள் வழக்கு மறுபடி வந்த நாளில், நீதிமன்றத் தாழ்வாரத்தில் வங்கியின் வக்கீல் எங்களிடம் வந்தான். சின்னப் பையன். கையில் காப்பிக் கோப்பை.

"பெரியவரே, நல்லெண்ணத்துக்குப் பாதியைத் தர்றோம். வாங்கிட்டு வீட்டுக்குப் போய் ஓய்வெடுங்க. இந்த வயசுல எதுக்கு உங்களுக்கு இந்த அலைச்சல்?" என்றான்.

டோரீன் என் சட்டைக் கையைப் பிடித்து இழுத்தாள். "வாங்கிக்கலாம் மெர்வின். லீட்ஸுக்குப் போய் லோரெய்னைப் பாத்துட்டு வரலாம். எனக்கு இது போதும் கண்ணு."

"உனக்குப் போதும். எனக்குப் போதாது" என்றேன்.

லோரெய்ன் அவள் மகள். உங்களிடம் புகார் கொடுத்தவள்.

உள்ளே நீதிபதி அம்மா நல்ல மாதிரியாகத்தான் பேசினார். "இப்ப இருக்கிற மாதிரி இந்த மனு நிக்காது, மிஸ்டர் ஹாக்ஸ்பி. ஆனா உங்க தங்கை கஷ்டத்துல இருக்கிறது தெரிஞ்சும் வங்கி அவங்களை நியாயமில்லாம நடத்தியிருந்தா அது வேற விஷயம். அப்படி ஏதாவது சொல்றதுக்கு இருந்தா, மனுவைத் திருத்திக் கொண்டு வாங்க" என்றார். அந்தப் பையன் எழுந்து ஆட்சேபித்தான். அவர் கேட்கவில்லை, எங்களுக்கு அவகாசம் கொடுத்தார்.

மனுவைத் திருத்துவதற்கு ஒரு முறை இருக்கிறது. பழைய வரிகளைச் சிவப்பு மையில் அடிக்க வேண்டும், ஆனால் அடித்தது படிக்கிற மாதிரி இருக்க வேண்டும். புதியதைச் சேர்த்து அதன் கீழே சிவப்புக் கோடு போட வேண்டும். எனக்கு அந்த முறை பிடித்திருந்தது. என்ன மாறியது என்பதை யாரிடமிருந்தும் மறைக்காத முறை. வாதி அன்று முதல் இன்று வரை கடும் பண நெருக்கடியில் வாழ்கிறார், வீட்டைச் சூடாக்கவும் வசதியில்லை, வங்கிக்கு இது தெரியும் என்று எழுதினேன். அதன் கீழே, மேலே சொன்னவை உண்மை என்று வாதி கையெழுத்துப் போட வேண்டும். டோரீன் உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தாள். கையைத் துடைத்துவிட்டு, "எங்க போடணும் கண்ணு?" என்று கேட்டுப் போட்டாள். படிக்கவில்லை.

தாக்கல் செய்துவிட்டு வந்து வீட்டில் உட்கார்ந்து மறுபடி படித்தபோதுதான் சிக்கல் தெரிந்தது. லென் இறந்த சமயத்தில் அவள் நெருக்கடியில் இருந்தது உண்மை. இன்று வரை என்பது உண்மையில்லை. சம்பளம் வந்துகொண்டிருந்தது, வீடு கதகதப்பாக இருந்தது, வெள்ளிக்கிழமை தோறும் மீன் பொரித்து எனக்கும் ஒரு தட்டு எடுத்து வைப்பாள். நீதிமன்றத்தில் என் தங்கை பெயரில் ஒரு பொய் கிடந்தது, சார்ஜென்ட். விசாரணையில் அந்தப் பையன் அவளிடம் சம்பளத்தைப் பற்றி ஒரு கேள்வி கேட்டால் போதும்.

வேறு யாராக இருந்தாலும் பொய்யோடு நிம்மதியாகத் தூங்கியிருப்பார்கள். என்னால் முடியவில்லை. மனுவை மறுபடி திருத்த நீதிமன்றத்தின் அனுமதி வேண்டும். டோரீனின் வாழ்க்கையைத் திருத்த யார் அனுமதியும் தேவைப்படவில்லை.

பள்ளிக்கூடத்துக்கு நான்தான் தொலைபேசியில் பேசினேன். சமையலறையில் மிஞ்சுகிற உணவை ஒரு ஊழியர் வீட்டுக்குக் கொண்டுபோகிறார் என்று சொன்னேன், பெயரையும் சொன்னேன். அது உண்மை. மிஞ்சிய கேக்கையும் கஸ்டர்டையும் டப்பாவில் போட்டு எனக்குத்தான் கொண்டுவருவாள். குப்பையில் போகிறதைத்தானே எடுத்தேன் என்று அவர்களிடம் அழுதிருக்கிறாள். விதி என்றால் விதி, அவர்கள் செய்தது சரி. வேலை போன அன்று நேராக என் வீட்டுக்கு வந்தாள்.

"யாரு மெர்வின் சொல்லியிருப்பா? நான் யாருக்கு என்ன கெடுதல் பண்ணேன்?" என்றாள்.

எனக்குத் தெரியாது என்று நான் சொல்லவில்லை. தேநீரில் இன்னொரு கரண்டி சர்க்கரை போடட்டுமா என்று கேட்டேன்.

இனி வீட்டைச் சூடாக்குகிற எரிவாயு விஷயம். அவள் வீட்டு மீட்டர் முன்கூட்டியே பணம் கட்டும் வகை. கடையில் அட்டையைக் கொடுத்துப் பணம் ஏற்றிக்கொண்டு வந்து மீட்டரில் செருகினால் எரியும். இல்லாவிட்டால் அணைந்துவிடும். அவளுக்கு முழங்கால் வலி. அதனால் வாராவாரம் அட்டையையும் பணத்தையும் என்னிடம் கொடுப்பாள், நான் ஏற்றிக்கொண்டு வருவேன். அந்தக் குளிர்காலத் தொடக்கத்தில் முதலில் பாதியை ஏற்றினேன். பிறகு அதிலும் பாதி. டிசம்பரில் ஏற்றவில்லை.

அந்தப் பணத்தை நான் எடுத்துக்கொள்ளவில்லை. ஒரு உறையில் போட்டு வைத்தேன், அவள் கொடுத்த அதே நோட்டுகள். வழக்கு முடிந்ததும் மொத்தமாகத் திருப்பிக் கொடுப்பதாக இருந்தேன். திருடன் என்று லோரெய்ன் எழுதிக் கொடுத்திருந்தால் அதை மட்டும் அடித்துவிடுங்கள்.

"அதுக்குள்ள தீந்துபோச்சே மெர்வின்" என்று ஒரு நாள் சொன்னாள். பனிக்காலத்தில் சீக்கிரம் தீரும் என்றேன். அதில் பொய் எதுவும் இல்லை. எல்லா வீட்டிலும் அப்படித்தான்.

லோரெய்ன் கிறிஸ்துமஸுக்கு அம்மாவை லீட்ஸுக்கு அழைத்துப்போக நினைத்தாள். பணம் அனுப்புகிறேன் என்றும் சொன்னாள். மகள் கொடுத்தாலும் அது வருமானம்தான், நீதிமன்றத்தில் கேட்டால் சொல்லியாக வேண்டும், ஜனவரியில் விசாரணை முடியட்டும் என்று டோரீனிடம் எடுத்துச் சொன்னேன். அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு என் எதிரிலேயே மகளைக் கூப்பிட்டுப் பேசினாள். "எனக்கு ஒண்ணும் குறைச்சல் இல்ல கண்ணு. இங்க மாமா இருக்கான். அவன் பாத்துக்கிறான்" என்றாள்.

அந்த டிசம்பர் உங்களுக்கும் நினைவிருக்கும். கடல்காற்றோடு பனி கொட்டி, தெருவெல்லாம் கண்ணாடி மாதிரி உறைந்து கிடந்தது. அந்த மாதிரித் தெருவில் வண்டியை எடுக்கக் கூடாது என்று எத்தனையோ பேருக்குச் சொல்லிக்கொடுத்தவன் நான். அதனால் சில நாள் அவள் வீட்டுப் பக்கம் போகவில்லை. நடந்து போகிற தூரம்தானே என்று லோரெய்ன் கேட்கிறாள். நடந்து போகிற தூரம்தான். ஆனால் போனால் அட்டையைக் கொடுப்பாள். வாங்கிக்கொள்ள வேண்டியிருக்கும்.

பக்கத்து வீட்டு மிஸஸ் ட்வெல்ஸ்தான் முதலில் பார்த்தார். நாற்காலியில் உட்கார்ந்தபடி, லென்னின் பழைய மேலங்கியைப் போட்டுக்கொண்டு, அதன் மேல் படுக்கை விரிப்பையும் சுற்றிக்கொண்டு இருந்திருக்கிறாள். குளிரில் இதயம் நின்றுவிட்டது என்று மருத்துவர் எழுதினார். அவர் அதை எழுத்தில் கொடுத்தது எங்கள் பக்கத்துக்கு மிகவும் உதவியாக இருந்தது.

என்னை அப்படிப் பார்க்காதீர்கள், சார்ஜென்ட். வாதி இறந்தால் வழக்கு இறந்துபோவதில்லை. அவள் உயிலை நிறைவேற்றும் பொறுப்பு எனக்கு. சவ அடக்கத்துக்கு மறுநாள் நீதிமன்றத்துக்குப் போய் இன்னொரு திருத்தத்துக்கு அனுமதி கேட்டேன். டோரீன் என்ற பெயரைச் சிவப்பு மையில் அடித்து, காலஞ்சென்ற டோரீனின் சொத்துக்காக மெர்வின் ஹாக்ஸ்பி என்று எழுதினேன். கோடு நேராக வந்தது.

விசாரணை அன்று அந்தப் பையன் காப்பி எதுவும் கொண்டுவரவில்லை. தலையை நிமிர்த்தி என்னைப் பார்க்கக்கூட இல்லை. எழுந்து நின்று, வங்கி இந்த வழக்கை மேற்கொண்டு எதிர்க்கவில்லை, முழுத் தொகையையும் வட்டியோடு தருகிறது என்றான். நீதிபதி அம்மா என்னிடம் வருத்தம் தெரிவித்தார். மனுவில் அவள் கையெழுத்தின் மேலே இருந்த ஒவ்வொரு வார்த்தையும் அன்று உண்மையாக இருந்தது. இந்த நாட்டில் லண்டன் தீர்ப்புக்குப் பிறகும் வங்கியை மண்டியிட வைத்தவர்கள் எத்தனை பேர் இருப்பார்கள் என்று நினைக்கிறீர்கள்?

அந்தத் தொகையை லோரெய்னிடம் ஒப்படைக்கப் போனபோது எரிவாயு உறையையும் சேர்த்துக் கொடுத்தேன். அது அவள் அம்மாவின் பணம், வைத்துக்கொள்ள எனக்கு உரிமை இல்லை. இது என்ன பணம் என்று கேட்டாள். கேட்டதற்குப் பதில் சொன்னேன். அவள் உறையைக் கீழே போட்டாள். நான் வாயை மூடிக்கொண்டிருந்தால் இன்று நீங்களும் நானும் இந்த அறையில் உட்கார்ந்திருக்க மாட்டோம். அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

வருந்துகிறேனா என்று கேட்டீர்கள். டோரீன் போனதற்கு வருந்துகிறேன். வெள்ளிக்கிழமைகளில் என்ன சாப்பிடுவதென்று தெரியவில்லை. வழக்குக்காக வருந்தச் சொல்கிறீர்களா? மாட்டேன். யாரும் ஏறி மிதிக்கலாம் என்றிருந்த பெண்ணுக்காக ஒருவன் கடைசிவரை நின்றான். பாதியை வாங்கிக்கொண்டு போயிருந்தால் அவளை யார் நினைத்துப் பார்த்திருப்பார்கள்? எரிவாயுவை நிறுத்தியது நான்தான், வேலையைப் போக்கியதும் நான்தான். இரண்டும் என்ன செய்யும் என்று தெரிந்துதான் செய்தேன். எங்கே கையெழுத்துப் போட வேண்டும் என்று காட்டுங்கள், படித்துவிட்டுப் போடுகிறேன்.

கடைசியாக ஒன்று கேட்டீர்கள், அந்தக் குளிரில் ஒரு தடவையாவது அவளிடம், உனக்குக் குளிருகிறதா என்று கேட்டேனா என்று. கேட்கவில்லை. கேட்டிருந்தால் எனக்கொன்றுமில்லை, நன்றாக இருக்கிறேன் என்றுதான் சொல்லியிருப்பாள். அந்தப் பதில் எங்கள் வழக்கைக் கெடுத்திருக்கும்.