எந்தக் கொளஞ்சி?

உங்கள் ஸ்டேஷன் டீ நன்றாக இருக்கிறது, ஐயா. சர்க்கரை கொஞ்சம் தூக்கல், அதைக் குறை சொல்ல நான் வரவில்லை. கோப்பை நம்ம ஊர்ச் சரக்கு. குடித்து முடித்ததும் பழக்கதோஷத்தில் விரலால் சுண்டிப் பார்த்தேன். டிங் என்றது. நன்றாக வெந்த கோப்பை. வேகாததைச் சுண்டினால் டொப் என்று செத்த சத்தம் வரும். இந்த வித்தை தெரிந்தால் விருத்தாசலத்தில் எந்தப் பீங்கான் கம்பெனியிலும் நுழைந்துவிடலாம்.

நான் வந்த காரணம் இதுதான். எங்கள் கம்பெனியில் சூளை போடுகிற கொளஞ்சி அண்ணன், மேஸ்திரி ராஜமாணிக்கத்தைக் கொன்றார் என்று செஷன்ஸ் கோர்ட்டில் தூக்குத் தண்டனை போட்டுவிட்டார்கள். ஐகோர்ட்டும் சரி என்றுவிட்டது. இப்போது கருணை மனு டெல்லிக்குப் போயிருக்கிறது. அந்த மனுஷன் கழுத்தைக் காப்பாற்ற வேண்டும். அதற்காகத்தான் பஸ் ஏறி வந்தேன். வேறு உள்நோக்கம் எதுவும் கிடையாது.

நீங்கள் வெளியூர்க்காரர், அதனால் ஒன்று சொல்லவேண்டும். மணவாளநல்லூரில் கொளஞ்சியப்பர் இருக்கிறார். பிள்ளை பிறக்க வேண்டிக்கொண்டவர்கள், பிறந்தது பிழைக்க வேண்டிக்கொண்டவர்கள், வேண்டாமலே வரிசையாகப் பெற்றுத் தள்ளியவர்கள், எல்லோரும் இந்தப் பக்கத்தில் கொளஞ்சி என்றே பெயர் வைத்துத் தொலைத்திருக்கிறார்கள். சந்தையில் "கொளஞ்சி" என்று ஒரு குரல் கொடுத்துப் பாருங்கள். பாதிச் சந்தை திரும்பும், மீதி தன் மகனைத் தேடும்.

எங்கள் கம்பெனியிலும் அதே கூத்துதான். அதனால் யாருக்கு என்ன பெயர் என்று பிரித்துக்கொடுக்கிற வேலையை மேஸ்திரி தானாகவே எடுத்துக்கொண்டார். மூத்தவர் என்ற மரியாதையில் சூளைக்காரர் மட்டும் வெறும் கொளஞ்சி. லாரியில் சரக்கு ஏற்றுகிறவன் லாரிக் கொளஞ்சி. கருவேப்பிலங்குறிச்சியிலிருந்து வருகிறவன் குறிச்சிக் கொளஞ்சி. நான் கொஞ்ச காலம் சின்னக் கொளஞ்சியாக இருந்தேன். அது கௌரவமான பெயர்தான், நானும் சந்தோஷமாகத்தான் இருந்தேன்.

அறுபத்தெட்டாம் வருஷக் கடைசியில் ஊறுகாய் ஜாடி ஒரு லோடு சூளையில் அடுக்கினேன். சூடு எட்டாத மூலையில் கொண்டுபோய் அடுக்கிவிட்டேன், தப்புதான். சூளை பிரித்தபோது மேஸ்திரி ஒரு ஜாடியை எடுத்துச் சுண்டினார். டொப். எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அதே விரலை மடக்கி என் உச்சந்தலையில் ஒரு தட்டுத் தட்டினார். காதைக் கிட்டே வைத்துக் கேட்கிற மாதிரி ஒரு பாவனை வேறு.

"இதுவும் அதே சத்தந்தான்டா. அரவேக்காடு!"

சிரிப்பு என்றால் அப்படி ஒரு சிரிப்பு. மண் பிசைகிற ஆராயி உட்காரவே இடம் தேடினாள். நானும் சிரித்தேன், சிரிக்காமல் என்ன செய்வது. மறுநாளிலிருந்து சின்னக் கொளஞ்சி என்று ஒருவன் இல்லை. மேஸ்திரி முதல் டீக்கடை வரை அரைவேக்காடு. தபால்காரர்கூட ஒருநாள் கேட்டில் நின்று அப்படித்தான் விசாரித்தார்.

இதற்கெல்லாம் கோபப்படுகிற ஆள் இல்லை நான். ஸ்ரீமுஷ்ணத்தில் பெண் பார்த்து, ஆதிலட்சுமி என்று பெயர், தட்டு மாற்ற நாளும் குறித்தாயிற்று. பெண்ணின் அப்பா மாப்பிள்ளை வேலை செய்யும் இடத்தை ஒரு நடை பார்த்துவிடலாம் என்று வந்தார். கேட்டில் நின்று கொளஞ்சியைப் பார்க்கணும் என்றிருக்கிறார். எந்தக் கொளஞ்சி என்ற கேள்வி வந்தது. அடையாளம் சொன்னதும் மேஸ்திரி அங்கிருந்தே கத்தினார்.

"அட நம்ம அரவேக்காடு! டேய், ஒன் மாமனாரு வந்துருக்காருடா!"

பெரியவர் தண்ணீர்கூடக் குடிக்காமல் போனார். "வெந்த மாப்பிள்ளையாப் பாத்துக்குறமுங்க" என்று சொல்லியனுப்பினார்கள். ஆதிலட்சுமியை நல்லூரில் கொடுத்தார்கள். எனக்கு வயிறு எரிந்தது, இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனாலும் மேஸ்திரிக்கு வணக்கம் வைப்பதை நிறுத்தவில்லை.

சம்பவம் நடந்த பகலில் சாப்பாட்டுச் சங்கு ஊதி எல்லோரும் வேப்பமர நிழலுக்குப் போய்விட்டார்கள். மேஸ்திரி மட்டும் அரவை அறையில் நின்றார். அங்கே பெரிய இரும்பு உருளை இருக்கும். கூழாங்கல்லும் தண்ணீரும் போட்டுச் சுற்றவிட்டால் உள்ளே போட்ட வெள்ளைக் கல் மாவாகிவிடும். ஒவ்வொரு கூழாங்கல்லும் விளாம்பழம் பருமன், கைக்கு அடக்கமாக இருக்கும். நான் சண்டை போடப் போகவில்லை ஐயா, ஒரு கோரிக்கை வைக்கத்தான் போனேன்.

"மேஸ்திரி, ஒரே ஒரு தடவ என்னப் பேர் சொல்லிக் கூப்புடுங்க. அது போதும்."

"போயி சோத்தத் தின்னுடா, அரவேக்காடு."

நான் ஒரு கல்லை எடுத்தேன். கல்லைப் பார்த்ததும் அவருக்கு என் பெயர் ஞாபகம் வந்துவிட்டது. "கொளஞ்சி" என்றார். எவ்வளவு தெளிவாக, எவ்வளவு மரியாதையாகச் சொன்னார் தெரியுமா? கேட்டதுதான் கிடைத்துவிட்டதே, அதோடு நிறுத்தியிருக்கலாமே என்பீர்கள். எனக்கும் அப்படித்தான் பட்டது. ஆனால் இந்த மனுஷன் தலை என்ன சத்தம் போடும் என்று வெகுநாளாக எனக்கு ஒரு யோசனை இருந்தது. தட்டிப் பார்த்தேன். டொப். ஒரு ஜாடியை ஒரே இடத்தில் தட்டி முடிவு கட்டுவது தொழிலுக்கு அழகில்லை. இன்னும் இரண்டு இடத்தில் பார்த்தேன். எங்குமே டிங் வரவில்லை. இவர்தான் அத்தனை காலம் என் தலைக்குச் சோதனை வைத்தவர்.

கல்லை உருளைக்குள் போட்டு மூடிவிட்டு மரத்தடிக்குப் போய்ச் சாப்பிட்டேன். கத்திரிக்காய்க் குழம்பு, நன்றாக இருந்தது. அந்தக் கல்லைப் போலீஸ் கிணற்றில் தேடியது, மணிமுத்தாற்று மணலில் தேடியது. அது உருளைக்குள் தன் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தது. அந்த மாவு கோப்பையாகி எங்கெங்கோ போயிற்று. நீங்கள் கோப்பையைக் கீழே வைக்கவேண்டியதில்லை ஐயா. சூளையில் வெந்த பிறகு தீட்டு ஏது?

சாப்பிட்டுவிட்டு முதலில் உள்ளே போனவள் ஆராயி. அவள் அலறலில் எல்லோரும் ஓடினோம், நானும் ஓடினேன். மேஸ்திரிக்கு இன்னும் மூச்சு இருந்தது. நான்தான் தலையை மடியில் தூக்கி வைத்துத் தண்ணீர் கொடுத்தேன்.

"யாரு மேஸ்திரி, யாரு பண்ணது?" என்று ஆராயி கதறினாள்.

அவர் அவளைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார். "கொளஞ்சி" என்றார்.

"எந்தக் கொளஞ்சி?"

அதற்குப் பதில் சொல்ல அவருக்கு ஒரே ஒரு வார்த்தைதான் வேண்டியிருந்தது. அவர் வாயில் எந்நேரமும் கிடந்த வார்த்தை. அது வருவதற்குள் தலை சாய்ந்துவிட்டது.

மற்றதைப் பேப்பரிலேயே படித்திருப்பீர்கள். வெறும் கொளஞ்சி என்றால் அது சூளைக் கொளஞ்சி அண்ணன்தான். சம்பவத்துக்கு முந்தைய நாள்தான் அவர் "ஒன்ன சூளைல வச்சி அடச்சிருவன்யா" என்று மேஸ்திரியிடம் கம்பெனி அதிரக் கத்தியிருந்தார். சம்பவ நேரத்தில் சூளைக்குப் பின்னால் தனியாகப் படுத்துத் தூங்கினாராம். தூக்கத்துக்குச் சாட்சி ஏது? அவருடைய வக்கீல் கெட்டிக்காரர். சாகிறவன் சாமி பெயரைத்தான் சொன்னான், இந்த ஊரில் தும்மினாலும் கொளஞ்சியப்பா என்பார்கள் என்று வாதாடினார். சாமியைக் கூப்பிடுகிறவன் "அப்பா" சேர்த்துக் கூப்பிட்டிருப்பான் என்று ஜட்ஜ் ஐயா தள்ளிவிட்டார்.

நான் அரசாங்கத் தரப்புச் சாட்சி. உன் பெயரும் கொளஞ்சிதானே, உன்னைச் சொல்லியிருக்கலாமே என்று எதிர்த்தரப்பு வக்கீல் மடக்கினார். உடனே அரசாங்க வக்கீல் எழுந்தார்.

"செத்துப்போனவர் உன்னை என்ன சொல்லிக் கூப்பிடுவார்?"

நான் தலை குனிந்து முணுமுணுத்தேன். சத்தமாகச் சொல்லச் சொன்னார்கள்.

"அரவேக்காடுங்க."

கோர்ட்டே சிரித்தது. டவாலி சைலன்ஸ் சொல்ல வாயைத் திறந்து அவரும் சிரித்துவிட்டார். கூண்டுக்குள் நின்ற கொளஞ்சி அண்ணன்கூடச் சிரித்தார், அவர் தலைக்கு என்ன வருகிறது என்று அறியாமல். தீர்ப்பு வந்த அன்று எனக்கு அவருக்காக மனம் கஷ்டப்பட்டது. அந்தச் சிரிப்பு ஞாபகம் வந்ததும் கஷ்டம் குறைந்துவிட்டது.

அவர் மனைவி விருத்தாம்பாள் அக்கா என்னை ஒருநாளும் அந்தப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. எப்போதும் கொளஞ்சித் தம்பிதான். ஐகோர்ட்டும் கைவிட்டதும் கொளஞ்சியப்பர் கோயிலில், அதுதான் சாமி கோர்ட், பிராது எழுதிக் கட்டவேண்டும் என்று என்னிடம்தான் வந்தார்.

"செஞ்சவன் எவனோ, மூணு மாசத்துல அவன இழுத்துக்கினு வந்து நிறுத்தட்டும் தம்பி. நீயுந்தான் தொணைக்கி வாயேன்."

போனேன். ஊர் எத்தனை மைலோ அதற்குத் தக்கபடி சாமிக்குப் படி கட்டவேண்டும், கோர்ட்டு அமீனாவுக்குக் கட்டுவது மாதிரி. அக்கா அழுதுகொண்டே அந்தக் கோயில் முனியப்பரின் வேலில் பிராதுச் சீட்டைக் கட்டினார். முடிச்சு சரியாக விழவில்லை. நான்தான் இறுக்கிக் கட்டினேன். கெடு இன்னும் முடியவில்லை. சாமிதான் என்னை இழுத்து வந்தது என்று அக்கா சொல்லுவார், நம்பாதீர்கள். நான் டிக்கெட் எடுத்து பஸ்ஸில் வந்தேன்.

இன்று காலை டீக்கடையில் பேப்பர் வாசித்தார்கள். கருணை மனு பற்றிய செய்தி. கொளஞ்சி என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தார்கள். "ஆம்பளன்னா அவன் ஆம்பளடா, சிங்கம்" என்றான் லாரிக் கொளஞ்சி. எனக்குப் பொறுக்கவில்லை. அவரு பண்ணியிருக்க மாட்டாருப்பா என்று மெதுவாகத்தான் சொன்னேன்.

"பின்ன யாரு, நீ பண்ணியா? மூஞ்சப் பாரு, அரவேக்காடு!"

அன்று சூளையடியில் சிரித்த அதே சிரிப்பு. ஆராயியும் சிரித்தாள். பாவம் ஒரு நிரபராதி தூக்கில் தொங்குவதா என்று எனக்கு உடனே பட்டது. அடுத்த பஸ்ஸைப் பிடித்தேன்.

அவ்வளவுதான் ஐயா. ஏட்டய்யா எழுதிவிட்டாரா? முதல் வரியைக் கொஞ்சம் வாசிக்கச் சொல்லுங்கள், கையெழுத்துப் போட்டுவிடுகிறேன்.

என்ன, இன்னொரு தடவை வாசியுங்கள்.

"கொளஞ்சி என்கிற அரைவேக்காடு."

பழைய கேஸ் கட்டில் அப்படித்தான் இருக்கிறது என்கிறீர்கள். இருக்கட்டும். இதில் வெறும் கொளஞ்சி போதும், "என்கிற" எதுவும் வேண்டாம். அதை அடித்துவிடுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். அடிக்காவிட்டால் நான் ஒன்றும் சொல்லவில்லை, யாரையும் கொல்லவில்லை. கருணை மனு அதன்பாட்டுக்குப் போகட்டும்.

சிரிக்காதீர்கள், ஏட்டய்யா.

காகிதம் பறக்காமல் நீங்கள் வைத்திருக்கும் அந்தப் பீங்கான் குண்டு நம்ம ஊர்ச் சரக்குதானே? கொஞ்சம் இப்படிக் கொடுங்கள். தட்டிப் பார்க்கிறேன்.