தேங்காய் எண்ணெய் விட்ட தாழ்ப்பாள்

நேரம் பகல் பன்னிரண்டு. ஆமாம், பகல்தான். ராத்திரியில் மட்டும்தான் வருவேன் என்று பேய் யாருக்காவது எழுதிக் கொடுத்திருக்கிறதா? அந்த விளக்கைக் கொஞ்சம் தணியுங்கள்... போதும்.

முப்பத்திரண்டாம் வருஷம். கிள்ளானிலிருந்து பிரிக்பீல்ட்ஸுக்கு வரும் ரோடு. சுங்கை வே ஊர் வரும் முன்னே இரண்டு பக்கமும் ரப்பர் மரம். ஈ காக்கை கிடையாது. ஐஸ் லோரியைத் தனியாக ஓட்டி வருகிறான் தம்புசாமி, நம்ம இராமலிங்கத்தின் மைத்துனன். பொய்யே பேசாத குடும்பம். இவன் ஒருத்தனைத் தவிர.

லோரியின் பின்னால் அறை மாதிரி ஒரு பெட்டி. இரட்டைப் பலகை, நடுவே மரத்தூள். கதவுக்கு வெளியே ஒரே ஒரு இரும்புத் தாழ்ப்பாள். அது கிரீச்சிடுகிறதென்று தேங்காய் எண்ணெய் விட்டிருந்தான். குளிர் பட்டால் அது மெழுகாய் இறுகும் என்று அவனுக்கு எப்படித் தெரியும்? கிள்ளான் வெயிலில் பிறந்தவன். உறைந்த எண்ணெயைக் கண்டதே இல்லை.

பதினாறு நாள் முன்னால், இதே இடம். கூட்டாளி நாகையா உள்ளே ஏறிச் சரிந்த கட்டிகளை அடுக்கினான். கதவு அறைந்து சாத்திக்கொண்டது. தாழ்ப்பாள் விழுந்து இறுகிவிட்டது. தம்புசாமி சுத்தியலால் நாலு போடு போட்டான். அசையவில்லை. கை வலித்தது.

"வெயில் படட்டும்டா, தானா எளகும்" என்று சொல்லிவிட்டு ரப்பர் தோட்டத்துக் கள்ளுக்கடைக்குப் போனான். இரண்டு கிளாஸ், நாலாயிற்று... அங்கேயே தூங்கிவிட்டான்.

சாயந்தரம் கதவு சுலபமாகத் திறந்தது. நாகையா செத்து விறைத்திருந்தான். ஐஸ் உடைக்கிற கோடரியால் உள்ளேயிருந்து கதவைக் கொத்தியிருக்கிறான். அது வழுக்கித் தொடையில் பாய்ந்திருந்தது. பிறகு விரலால் பிறாண்டியிருக்கிறான். கையில் ஒரு நகம் மிச்சமில்லை.

"கடைசி வரைக்கும் அடிச்சுப் பாத்தேன் தவுக்கே!" என்று முதலாளியிடம் மார்பில் அறைந்துகொண்டு அழுதான் தம்புசாமி. சிவந்த கட்டிகளைச் செதுக்கிச் சர்பத் கடைக்குக் கொடுத்தார்கள். குடித்தவர்கள் யாரும் குறை சொல்லவில்லை.

இப்போது... டொக். டொக் டொக். பெட்டிக்குள்ளிருந்து.

தம்புசாமி இறங்கிப் பின்னால் போனான். தேங்காய் எண்ணெய் வாடை. அன்றைக்கப்புறம் அவன் மண்ணெண்ணெய்தான் விடுகிறான். ஆனால் தாழ்ப்பாள் வெள்ளை வெளேரென்று உறைந்திருந்தது, அந்த வெயிலில்.

"தம்புண்ணே... குளுருதுண்ணே..."

சுத்தியலை எடுத்தான். இந்தத் தடவை நாலோடு நிற்கவில்லை. உள்ளங்கை கிழிந்து, ரத்தம் முழங்கை வரை வழியும் மட்டும் அடித்தான். தாழ்ப்பாள் தெறித்து விலகியது.

உள்ளே ஆறு கட்டி ஐஸ். ஆள் இல்லை. கட்டிகளுக்குப் பின்னால் பார்க்காமல் எப்படி மறுபடி வண்டியில் ஏறுவான்? சுத்தியலைத் தரையில் போட்டுவிட்டு உள்ளே ஏறினான்.

கதவு அறைந்து சாத்திக்கொண்டது.

தோளால் மோதினான். மூன்றாம் மோதலில் தோள்பட்டை எலும்பு 'மளுக்'. பிறகு விரலால் பிறாண்டினான். இருட்டில், பலகையில் ஏற்கனவே பள்ளங்கள் இருந்தன... அவன் விரல்கள் அதில் அளவெடுத்த மாதிரி பொருந்தின.

வெளியே யாரோ சுத்தியலை எடுத்தார்கள். ணங். ணங். ணங். ணங்.

நின்றுவிட்டது.

"வெயில் படட்டும்ணே... தானா எளகும்."

சருகு மிதிபடும் சத்தம். மெல்ல மெல்லத் தூரமாய்ப் போயிற்று.

சாயந்தரம் ரயில்வே கேட்காரர் கபிரியேல் வந்து ஒற்றை விரலால் கதவைத் திறந்தார். தம்புசாமிக்கு உயிர் இருந்தது. அதனால்தான் இந்தக் கதை நமக்குத் தெரியும். பத்து விரலிலும் நகம் இல்லை. கபிரியேல் விளக்கேற்றிப் பெட்டி முழுக்கத் தேடினார். ஒரு நகம்கூட அகப்படவில்லை.

இருட்டியதும் கள்ளுக்கடைக்காரர் தம்புசாமியின் சுத்தியலோடு ஓடி வந்தார். பிடியைச் சுற்றித் துணி சுற்றியிருந்தார். வெறுங்கையால் தொட்டால் தோல் ஒட்டிக்கொள்கிறதாம்.

"மத்தியானம் ஒருத்தன் வந்தான்லா... உடம்பெல்லாம் தண்ணி சொட்டுது. நாலு கிளாஸ் குடிச்சான். காசு கேட்டேன்..."

மடியை அவிழ்த்துக் காட்டினார்.

பத்து நகம். ஈரம்கூடக் காயவில்லை.