பம்புக்கு ஊற்றிய தண்ணீர்

பண்டாரவளைக்குப் போகும் ரயிலில் என் எதிரே இருவர் உட்கார்ந்திருந்தார்கள். ஒருவர் தோட்டம் தோட்டமாகப் போய்க் கிணறுகளுக்குக் கைப்பம்பு பூட்டும் ஆசாரி. மற்றவர் தேயிலைத் தோட்டத்து ஆள்; லயம் என்கிற வரிசை வீடுகளில் குடியிருப்பவர்.

"நீங்க கெணத்த மூடி பம்பு பூட்டுனப்பறந்தான் ஆசாரி, எங்க லயத்துல வாந்திபேதி கூடிப்போச்சு," என்றார் தோட்டத்துக்காரர். "எம் பொண்டாட்டியும் போயிட்டா."

"மூடுன கெணத்துக்குள்ள அழுக்கு எப்படிண்ணே போகும்? பம்ப ஒழுங்கா அடிச்சீங்களா?"

"நீங்க சொன்ன மாதிரியேதான். ராத்திரியில பம்புக்குள்ள இருக்கிற தோல் வாசரு காஞ்சிருமில்ல. விடிஞ்சதும் மேல ஒரு வாளி தண்ணி ஊத்தி, தோல ஊறவச்சிட்டுத்தான் அடிப்போம். அவதான் ஊத்துவா."

ஆசாரி அவர் பக்கம் திரும்பி உட்கார்ந்தார்.

"அந்தத் தண்ணிய எங்கண்ணே மோந்தீங்க?"

"லயத்துக்குப் பின்னால கழுவுற தண்ணியெல்லாம் ஓடுமே, அந்தச் சாக்கடைக் கான்லதான். குடிக்கவா போறோம், தோலுக்குத்தானே?"

"அது கெணத்துக்குள்ளதானேண்ணே எறங்கும்! நல்ல தண்ணியா ஊத்துங்கன்னு நான் சொல்லாம விட்டுட்டேனே."

தோட்டத்துக்காரரின் கை துண்டைத் தேடியது.

"இன்னைக்கு விடியக்காலையில மகதான் ஊத்துச்சு, ஆசாரி."