எந்தப் பக்கம்

“டாக்டரு எடப்பக்கம்ன்றாரு, படத்துல வலப்பக்கம் கீது மச்சான்.”

ஆவடி பஸ்ஸில் எனக்கு முன் இருக்கை. காக்கிச் சட்டைக்காரர் ஸ்கேன் படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்திருந்தார். மடியில் மகள் தூங்கினாள்.

“இன்னாவாம் புள்ளைக்கு?” என்றார் பக்கத்திலிருந்த நண்பர்.

“மூளையாண்ட தண்ணிப் பை. மண்டையில ஓட்டை போட்டு வடிக்கணுமாம்.”

“பக்கம் மாறிக்கீதுன்னு கேக்கலியா?”

“கேட்டேன். இந்தப் படமே அப்டித்தான், மாறித்தான் தெரியும்னாரு.”

“அப்புறம் இன்னா? பட்ச்சவரு.”

“ஃபேக்டரில டிராயிங் பாத்து இரும்புல ஓட்டை போடறவன் நானு. தப்பாப் போட்டா வேற இரும்பு குடுப்பாங்க.”

நண்பர் குழந்தையைப் பார்த்தார்.

“நான் கேட்டதும் டக்குனு சொல்லல மச்சான். அவரே ஒரு தபா படத்தத் திருப்பிப் பாத்துட்டுத்தான் சொன்னாரு.”