செவ்வாய்க்கிழமை கடலுக்குப் போனவர்

பந்தலின் கீழ் அமர்ந்திருக்கும் ஊர்ப் பெரியவர்களே, போதகர் அவர்களே, மீனுக்குப் புகைபோடும் பெண்களின் தலைவி எகுவா அம்மையாரே, தலைநகர் அக்ராவிலிருந்து மலர்வளையத்தோடு வந்திருக்கும் துணைத் தூதர் அவர்களே, துக்கத்துக்குக் கறுப்பும் சிவப்பும் உடுத்தி வந்திருக்கும் எகும்ஃபா ஊர் மக்களே! இந்தத் துறையின் மீனவர் தலைவன் எசில்ஃபி உங்கள் முன் நிற்கிறேன்.

கொபினா எஷுன் நம்மை விட்டுப் போய் இன்றோடு ஏழு நாள். மீன்வளத் துறையில் முப்பத்தொரு வருடம் உழைத்த துணை இயக்குநர் எஷுன். துணைத் தூதரின் அந்தப் பெரிய நாட்டோடு நட்புறவு ஒப்பந்தம் பேசியபோது நம் கரைக்காக வாய் திறந்த ஒரே மனிதர் எஷுன். எனக்கோ, பள்ளியில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து அடி வாங்கிய எஷுன்.

இரண்டு நல்ல வார்த்தை பேசிவிட்டு உட்காரச் சொல்லியிருக்கிறார்கள். அவரைப் பற்றி இரண்டென்ன, இருநூறு நல்ல வார்த்தை சொல்லலாம். நம்மைப் பற்றி ஒன்றாவது சொல்ல முடியுமா? அதைத்தான் ஏழு நாளாக யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

பன்னிரண்டு வருடத்துக்கு முன் அக்ராவில் அந்த ஒப்பந்தப் பேச்சு நடந்தது. நானும் போயிருந்தேன். நீளமான மேசை. அந்தப் பக்கம் ஒன்பது பேர், இந்தப் பக்கம் நாங்கள். நமக்கு ஓர் ஐஸ் தொழிற்சாலை, ஓர் இறங்குதுறை, பிள்ளைகளுக்கு மேற்படிப்பு உதவி. அவர்களுக்கு, தங்கள் இழுவைக் கப்பல்கள் நம் கடலில் மீன் பிடிக்க அனுமதி. கரையோரக் கடல் நம் வள்ளங்களுக்கு. அதற்கு அப்பால் அவர்களுக்கு. எல்லோரும் தலையாட்டிக்கொண்டிருந்தபோது எஷுன் கையை உயர்த்தினார்.

"செவ்வாய்க்கிழமை கடல் மூச்சு விடுற நாள். எங்க ஆளுங்க யாரும் இறங்க மாட்டாங்க. உங்க கப்பலும் இறங்கக் கூடாது. அதை எழுதுங்க" என்றார்.

அந்தப் பக்கம் சிரித்தார்கள். எஷுன் சிரிக்கவில்லை. கோப்பை மூடிவிட்டு எழுந்தார். நம் அதிகாரி ஒருவர் அவர் சட்டையைப் பிடித்து இழுத்தார். "யோவ், உக்காருய்யா! ஒரு நாளுக்காக ஐஸ் ஃபேக்டரியைக் கெடுத்துடாத!"

"வாரத்துல ஆறு நாள் குடுக்கறோம். ஏழாவது நாளையும் கேக்கறவன் சிநேகிதனா? விடுங்க சட்டைய" என்றார் எஷுன்.

எழுதினார்கள்! ஒப்பந்தத்தின் பதினாலாம் பிரிவு. கை குலுக்கினார்கள், படம் எடுத்துக்கொண்டார்கள். எஷுன் ஊர் திரும்பிய அன்று லாரி நிலையத்திலிருந்து கடற்கரை வரைக்கும் அவரைத் தோளில் தூக்கி வந்தோமே, மறந்துவிட்டீர்களா? உலகத்தில் எந்த ஒப்பந்தத்திலாவது ஒரு கடலின் ஓய்வு நாள் எழுதப்பட்டிருக்கிறதா என்று நானே மார்தட்டினேன்.

ஆனால் அந்த மேசையில் இருந்த நம்மவர் ஒருவருக்கும் ஒரு கேள்வி தோன்றவில்லை. எஷுனுக்கும் தோன்றவில்லை. செவ்வாய்க்கிழமை அவர்கள் வருகிறார்களா இல்லையா என்று யார் பார்ப்பது?

நாம் பார்ப்போமா? நாம்தான் அன்று கடலில் கால் வைக்கமாட்டோமே! வலை தைப்போம், வழக்குத் தீர்ப்போம், இதோ இப்படிப் பந்தல் போட்டுத் துக்கம் கொண்டாடுவோம். மற்ற ஆறு நாளும் முந்நூறு வள்ளங்கள் காவல் இருந்த கடலை அந்த ஒரு நாள் ஆளில்லாமல் விட்டுவிட்டு வருவோம். அதை முத்திரை குத்தி, பதினாலாம் பிரிவு என்று பேரும் வைத்து, அவர்கள் கையிலேயே கொடுத்துவிட்டு வந்தோம். திருடன் கையில் சாவியைக் கொடுத்த கதைதான்.

ஓய்வு பெற்ற பிறகும் எஷுன் தினமும் விடிந்ததும் துறைக்கு வருவார், வலைகளைப் பார்ப்பார். மூன்று வருடத்துக்கு முன் ஒரு புதன்கிழமை என்னிடம் வந்தார்.

"டேய் எசில்ஃபி, ஒரு நாள் ஓய்வெடுத்த கடல் மறுநாள் அள்ளிக் குடுக்கணும். எங்கப்பா காலத்துல புதன்கிழமைதான் அமோகமா மீன் வரும். இப்ப புதன்கிழமைதான் வலை வெறுமையா வருது. ஏன்டா?"

"கடலுக்குக் கோவம்" என்றேன்.

"கடலுக்குக் கோவம்னா வியாழக்கிழமை மட்டும் சமாதானமாயிடுதா?"

பதில் தெரியாததை மறைக்க ஒரு பாட்டில் ஜின்னைத் திறந்து கடலுக்குப் படையலாக ஊற்றினேன். தலைவன் அல்லவா!

ஒரே ஒரு செவ்வாய்க்கிழமை போய்ப் பார்த்துவர அனுமதி கேட்டார். மறுத்தேன். அவர் போனார். அறுபத்தாறு வயதில், கடன் வாங்கிய சின்ன வள்ளத்தில், பழைய இஞ்சினோடு போனார். துணைக்கு யார் போனது? நம் ஆண்பிள்ளைகளில் ஒருவர் போனாரா? அவர் மனைவி அபா போனார். பெண்பிள்ளை வள்ளம் ஏறக் கூடாது என்ற ஊரில், அபாதான் சுக்கான் பிடித்தார்.

திரும்பி வந்தவரைக் கரையிலேயே நிறுத்தி அபராதம் போட்டேன். ஓர் ஆடு, இரண்டு பாட்டில் ஜின். எஷுன் வாதாடவில்லை. "ஆட்டை எடுத்துக்கோ. ஆனா நான் பாத்ததைக் கேளு. ஏழு கப்பல்டா. நம்ம கரையோரக் கடலுக்குள்ளயே, மாதா கோயில் மணிக்கூண்டு தெரியற தூரத்துல, மடிவலை இழுக்கறானுங்க" என்றார். நான் கேட்கவில்லை. ஆட்டைத்தான் எடுத்துக்கொண்டேன்.

நான்கு செவ்வாய் போனார். நான்கு ஆடு கொடுத்தார். நான்கையும் நாம்தான் தின்றோம். ருசியாக இருந்ததா மக்களே? எனக்கு ருசியாகத்தான் இருந்தது. நாலாவது முறை அவர் வள்ளத்தின் இஞ்சினையும் கழற்றி என் வீட்டுக்குள் வைத்துப் பூட்டினேன்.

கடலில் எடுத்த படங்களோடு எஷுன் புகார் எழுதினார். துணைத் தூதர் அவர்களே, உங்கள் பக்கத்திலிருந்து மிக மரியாதையான பதில் வந்தது. அந்த மரியாதையை நான் குறை சொல்லமாட்டேன். படம் எடுத்த கிழமையைப் படம் சொல்லாதாம். ஒப்பந்தப்படி, இந்தத் துறையில் பதிவு பெற்ற மீனவர் இருவர் நேரில் கண்டு கையெழுத்திட வேண்டுமாம். எஷுன் அதிகாரி, மீனவர் இல்லை. அபா பெண், பதிவு இல்லை. பதிவு பெற்ற மீனவனோ செவ்வாய்க்கிழமை கண்டேன் என்று எழுதினால், செவ்வாய்க்கிழமை கடலுக்குப் போனேன் என்று ஊர்முன் ஒப்புக்கொண்டவன் ஆகிறான். எவ்வளவு அழகான பூட்டு! இதை எழுதிய மூளைக்கு என் வணக்கம்.

அந்தத் தாளை எடுத்துக்கொண்டு என் வீட்டுக்கு வந்தார் எஷுன்.

"நீ ஒரு தடவ வந்து பாருடா. பாத்துட்டுக் கையெழுத்துப் போடு. நீ போட்டா இன்னொருத்தன் தானா வருவான்."

"நானே செவ்வாய்க்கிழமை இறங்கினா அப்புறம் நான் என்னடா தலைவன்?"

"மீனே இல்லாத துறைக்குத் தலைவனா இருந்து என்னத்தக் கிழிக்கப் போற?"

அன்றும் மறுத்தேன். நான் மறுத்தது கடலுக்கு அஞ்சி என்று நினைக்கிறீர்களா? இவ்வளவு நாளும் அப்படித்தான் சொல்லிக்கொண்டு திரிந்தேன். என் மகள் அந்த நாட்டில் அவர்கள் பணத்தில் டாக்டருக்குப் படிக்கிறாள். அதுதான் காரணம். வேறொன்றும் இல்லை. எஷுனுக்கு அது தெரியும். அந்த உதவிக்கு என் மகளின் விண்ணப்பத்தை நிரப்பிக் கொடுத்ததே அவர்தான். ஒரு நாளாவது, ஒரு வார்த்தையாவது அதைச் சொல்லிக் காட்டியிருப்பாரா? சொல்லவே இல்லை! சொல்லித் திட்டியிருந்தால் நான் தப்பித்திருப்பேன்.

போன மாதம் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கும் பேச்சுக்குத் தன் செலவில் அக்ராவுக்குப் போனார். காலை எட்டு மணியிலிருந்து நடைவழியில் உட்கார்ந்திருந்தார். யாரும் உள்ளே கூப்பிடவில்லை. மாலையில் காவலாளி வந்து, "ஐயா, கதவைப் பூட்டணும்" என்றான். திரும்பி வரும் பஸ்ஸிலேயே பக்கவாதத்தில் வலது கை விழுந்துவிட்டது. மூன்று வாரம் படுக்கையில் கிடந்தார். போன செவ்வாய்க்கிழமை போய்விட்டார்.

உடனே ஊர் தீர்ப்புச் சொல்லிவிட்டது. எகுவா அம்மையாரே, கோபிக்கக் கூடாது, நீங்கள் சொன்னதை என் காதால் கேட்டேன். "செவ்வாய்ல பொறந்ததாலதான் கொபினான்னு பேரு. அந்த செவ்வாயையே மீறினா? கடல் சும்மா விடுமா? எடுத்துக்கிச்சு பாரு, அதே கிழமையில!"

அதற்கு அபா என்ன பதில் சொன்னார் என்பதையும் இந்தச் சபையில் சொல்கிறேன். "கடல் எடுக்கணும்னா சுக்கான் பிடிச்ச என்னைத்தான்டி மொதல்ல எடுத்திருக்கும். நான் குத்துக்கல்லாட்டம் உக்காந்திருக்கேன். என் புருஷனக் கொன்னது கடல் இல்ல. கரையில நின்ன நீங்க."

அபா, நீ சொன்னது சத்தியம். இந்தத் துறைக்குத் தலைவன் என்ற முறையில், அதில் முதல் பங்கு எனக்கு.

துணைத் தூதர் அவர்களே, உங்கள் மலர்வளையம் பெரியது. அதன் நாடாவில் 'என்றும் நண்பர்' என்று பொன்னெழுத்தில் எழுதியிருக்கிறது. ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுததாம். நீங்கள் இளைஞர், இந்தப் பதவிக்கு வந்து எட்டு மாதம்கூட ஆகவில்லை. உங்களைத் தனியாகக் குற்றம் சொல்லவில்லை. ஆனால் இந்தக் கூட்டம் முடிந்ததும் உங்களுக்கும் சாப்பாடு போடுவார்கள். சோளமாவில் அவித்த கெங்கே இருக்கும், மிளகாய் அரைத்தது இருக்கும், பொரித்த மீன் இருக்கும். அந்த மீன் நம் வலையில் வந்ததல்ல. உங்கள் கப்பலிலிருந்து, உறைந்த கட்டியாக, அட்டைப் பெட்டியில் வந்தது. நம் கடலின் மீனை உங்களிடம் விலைக்கு வாங்கி, எஷுனின் துக்கச் சோற்றில் வைத்திருக்கிறோம். வெட்கமாக இல்லையா என்று உங்களைக் கேட்கமாட்டேன். எனக்கு வெட்கமாக இருக்கிறது.

வெள்ளிக்கிழமை ஒப்பந்தம் புதுப்பிக்கப்படுகிறது. இன்னும் பன்னிரண்டு வருடம். மீனவர்கள் சார்பில் என் கையெழுத்தும் வேண்டும். அதை உறுதி செய்துகொள்ளவும்தான் துணைத் தூதர் வந்திருக்கிறார், துக்கத்துக்கு மட்டும் அல்ல. போடமாட்டேன். எஷுனின் புகாரில் முதல் சாட்சியாகத்தான் என் பெயர் இருக்கும்.

நேற்று மகளோடு போனில் பேசினேன். "அப்பா, பரீட்சைக்கு இன்னும் ரெண்டு மாசந்தான் இருக்கு. அது முடியற வரைக்கும் பொறுக்க முடியாதா?" என்று கேட்டாள். முடியாதம்மா என்றேன். அவள் போனை வைத்துவிட்டாள். அதற்குப் பிறகு எடுக்கவில்லை.

எஷுனின் பெயரை இறங்குதுறைக்கு வைக்கலாம், சிலை எழுப்பலாம் என்று இங்கே எனக்கு முன் பேசியவர்கள் சொன்னார்கள். அவருக்குச் சிலை வேண்டாம். சாட்சி வேண்டும்! ஆனால் காணாததைக் கண்டேன் என்று நான் எழுதமாட்டேன். நான் இன்னும் காணவில்லை. ஆகவே காண வேண்டும்.

இன்றைக்குச் செவ்வாய்க்கிழமை. நாம் எல்லோரும் இந்தப் பந்தலில் இருக்கிறோம் என்பது அவர்களுக்கு நன்றாகத் தெரியும். பூட்டி வைத்திருந்த இஞ்சினைக் காலையிலேயே அபாவிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். "மாட்டு" என்றார், அவ்வளவுதான். மாட்டிவிட்டேன். சுக்கான் அவர்தான் பிடிக்கிறார். இந்தத் துறையின் தலைவன், தான் காத்துவந்த சட்டத்தைத் தானே மீறி இப்போது கடலுக்குப் போகிறான். திரும்பி வந்ததும் எனக்கு என்ன அபராதம் வேண்டுமானாலும் போடுங்கள், தலைமையையும் எடுத்துக்கொள்ளுங்கள்.

பதிவு பெற்ற மீனவர் இருவர் என்று கேட்டிருக்கிறார்கள். ஒருவன் நான். இந்தப் பந்தலில் முந்நூறு பேர் இருக்கிறீர்கள், எஷுனைத் தோளில் தூக்கியவர்கள், எஷுனின் ஆட்டைத் தின்றவர்கள். என்னோடு வள்ளம் ஏறி வர ஒருவர் போதும். யாராவது எழுந்திருக்கும்வரை நான் உட்காரப் போவதில்லை. இப்படியே நிற்கிறேன்.