ஒரு மணி பத்துக்குப் போட்ட 'அருமை'

...சரி ஆசிரியர்களே, இதுவரைக்கும் மதிப்பீடு, மதிப்பெண்ணுன்னு பெரிய பெரிய விஷயமாப் பேசிட்டோம். இப்ப எங்க வீட்ல நடந்த ஒரு சின்ன சங்கதியைச் சொல்றேன். கதைன்னே வச்சுக்கோங்க.

எங்க அண்ணன் மக செண்பகவல்லி. சென்னையில டப்பிங் பேசுறா. வெளிநாட்டுப் படத்துல வெள்ளைக்காரி வாயசைப்பா... குரல் நம்ம வீட்டுப் பொண்ணோடது. எட்டு வருஷமா என்ன பேசினா தெரியுமா? கூட்டத்துல ஒரு குரல். "ஓடுங்க ஓடுங்க!" அவ்வளவுதான். எட்டு வருஷம் கழிச்சு, பேர் உள்ள ஒரு பாத்திரம் கிடைச்சுது. ஒரு விண்வெளிப் படம். ரெண்டு கிரகத்துக்குச் சண்டை, நடுவுல ஒரு கப்பல், அந்தக் கப்பலோட இன்ஜினியரம்மா. அந்தம்மாவுக்குத்தான் இவ குரல்.

ஒரு வெள்ளிக்கிழமை மதியம் பன்னெண்டரைக்குப் படம் ஓடிடியில வந்துச்சு. எங்க சொந்தபந்தம் வாட்ஸப் குரூப்ல இவ எழுதினா... "எல்லாரும் தமிழ்ல போட்டுப் பாருங்க."

பாத்தாங்களா? பாத்தாங்க! படம் எப்படி? ஐயா, அதை ஏன் கேக்குறீங்க. ரெண்டு மணி நாப்பது நிமிஷம். யாரு யாருக்கு மகன், எதுக்கு அடிச்சுக்கிறாங்க, ஒண்ணும் புரியாது. எங்க மச்சான் ஒருத்தர், பாதியில தூங்கி எழுந்தேன், அப்பவும் அதே சண்டைதான் ஓடுதுன்னு போட்டார். ஒருத்தர் கிராபிக்ஸ் பரவாயில்லன்னார். இன்னொருத்தர் அஞ்சுக்கு ஒண்ணுதான் குடுப்பேன்னார். சிலர் 'சூப்பர்', 'செம'. நானும் போட்டேன்... 'அருமை அம்மா, வாழ்த்துகள்'. ஒரு மணி பத்துக்குப் போட்டேன். அந்த நேரத்தை ஞாபகம் வச்சுக்கோங்க.

இதுல ஒரு பெரிய சிக்கல் இருந்துச்சு. அது எங்க யாருக்கும் தெரியாது. அடுத்து ஒரு தொடருக்குக் கதாநாயகி குரல் குடுக்க ஸ்டூடியோவுல இவளைக் கூப்பிட்டிருக்காங்க. திங்கக்கிழமை காலையில பதில் சொல்லணும். இவளோ, நமக்கு இது வருதா வரலையான்னே தெரியலையே, பேசாம ஏதாவது ஆபீஸ் வேலைக்குப் போயிடலாமான்னு யோசிச்சுக்கிட்டு இருந்திருக்கா. திட்டினவங்க படத்தைத் திட்டினாங்க. புகழ்ந்தவங்க எதைப் புகழ்ந்தாங்கன்னே தெரியல. ஒருத்தராவது இவ பேசினதைக் கேட்டாங்களா?

குரூப்ல ஒரே ஒரு ஆள் மட்டும் ரெண்டு நாளா வாயே திறக்கல. அவங்க தங்கபுஷ்பம். செண்பகத்தோட நாத்தனார். விருதுநகர்ல நர்ஸு. நாத்தனார்னதும் சிரிக்கிறீங்க பாத்தீங்களா! இவளும் அப்படித்தான் நினைச்சிருக்கா. மதினி சும்மா இருக்கான்னா சேத்து வச்சுக் குடுக்கப் போறான்னு.

ஞாயித்துக்கிழமை மத்தியானம் போன் வந்துச்சு.

"செண்பகம், படம் விளங்கல. ரெண்டு தடவை பாத்தேன். ரெண்டு தடவையும் விளங்கல."

"சரி மதினி."

"கடைசிச் சண்டையில நீ சும்மா கத்துற. அது நல்லா இல்ல."

"சரி மதினி..."

"ஆனா கேப்டன் செத்த சேதி வருதுல்ல... அங்க நீ உடனே அழல. மூச்சை உள்ள இழுத்துப் பிடிச்சுக்கிட்டே, அடுத்து என்ன செய்யணும்னு கேக்குற. எங்க வார்டுல சேதி சொல்றப்ப சொந்தக்காரங்க அப்படித்தான் கேப்பாங்க. அதை நீ எங்கடி பாத்த?"

 இதைக் கேளுங்க. அந்த ஒரு மூச்சுக்காக ஸ்டூடியோவுல செண்பகம் நாலு தடவை திரும்பத் திரும்பப் பேசியிருக்கா. 'விடும்மா, இதையெல்லாம் யாரு கவனிக்கப் போறா'ன்னு அங்க இருந்தவங்களே சலிச்சுக்கிட்டாங்களாம். விருதுநகர்ல ஒருத்தி கவனிச்சுட்டா! போனை வச்சுட்டு உக்காந்து அழுதிருக்கா. திங்கக்கிழமை காலையில ஸ்டூடியோவுக்கு, வர்றேன் சார்னு சொல்லிட்டா.

போன மாசம் அவளைப் பாத்தப்ப இதையெல்லாம் சொன்னா. நான் சும்மா இருந்திருக்கலாம். வாய் சும்மா இருக்குமா? 'நானுந்தான் அன்னிக்கே பாராட்டினேனே'ன்னேன். சிரிச்சுக்கிட்டே சொன்னா...

"ஆமா சித்தப்பா. நீங்க ஒரு மணி பத்துக்குப் பாராட்டினீங்க. பன்னெண்டரைக்கு வந்த படத்துல நான் பேச ஆரம்பிச்சதே ஒண்ணு இருபத்தஞ்சுக்குத்தான்."

எனக்கு வெக்கமாப் போச்சுங்க. கோவமாச் சொல்லியிருந்தாக்கூடத் தாங்கியிருப்பேன்.

அன்னிக்கு ராத்திரி எனக்கு என் நோட்டுக்கட்டுதான் நினைவுக்கு வந்துச்சு. முப்பத்தொரு வருஷம் தமிழ் வாத்தியார் நான். எத்தனை ஆயிரம் நோட்டு! கடைசிப் பக்கத்தைப் புரட்டி ஒரு டிக்கு, 'நன்று'ன்னு ஒரு கையெழுத்து. அந்தப் பிள்ளை ரெண்டாம் பக்கத்துல ஏதோ ஒரு வரிக்காக நாலு தடவை அழிச்சு அழிச்சு எழுதியிருக்கும். நான் அந்தப் பக்கத்தைத் தொட்டேனா? பிள்ளைங்களுக்கு இது தெரியாதுன்னு நினைச்சுக்கிட்டு இருக்கோம். செண்பகத்துக்குத் தெரிஞ்ச மாதிரி எல்லாப் பிள்ளைக்கும் தெரியும். மணி முதக்கொண்டு தெரியும்.

நல்லா இல்லைன்னு சொல்லுங்க, தப்பே இல்ல. தங்கபுஷ்பம் சொல்லலையா? ஆனா முழுசாப் பாத்துட்டுச் சொல்லுங்க. பாக்காம சொல்ற 'நன்று', திட்டுறதை விட மோசம் ஆசிரியர்களே. அந்தப் பிள்ளை அதை வச்சுக்கிட்டு என்ன செய்யும்? அடுத்த வரியை எப்படி எழுதும்?

இப்ப நான் மேடையை விட்டு இறங்குவேன். நீங்க வருவீங்க. கையைப் பிடிச்சு, 'அருமையாப் பேசுனீங்க ஐயா'ம்பீங்க. அந்த நாலாவது வரிசையில கண்ணை மூடிக் கேட்டுக்கிட்டு இருக்கிற சாரும் வருவார்.

நான் ஒண்ணே ஒண்ணுதான் கேப்பேன்... "எந்த இடம் சார்?"