அண்ணிக்கு மாட்டிய திரை

கடைக்கு வருகிறவர்களை நான் நிற்க வைத்துப் பேசுவதில்லை. உட்கார்ந்தவர் வெறுங்கையோடு எழுந்து போவது அபூர்வம். நீங்களும் உட்காருங்கள், இன்ஸ்பெக்டர் சார்.

நான் விற்பது ஜன்னல் திரை. செம்பு இழை ஓடியது. செல்போன் கோபுரத்துக் கதிர்வீச்சை உள்ளே விடாது. விடாது என்று சொல்லித்தான் விற்கிறேன். எதிர் மாடியில் கோபுரம் முளைத்த கையோடு எங்கள் அண்ணிக்குத் தலைவலி வந்தது. வியாபாரிக்கு இதைவிட நல்ல நேரம் வாய்க்குமா? அவர் அறைக்கு ஒரு திரை மாட்டினேன். கொஞ்சம் தேவலை என்றார். அந்தக் கொஞ்சத்தை வைத்தே பாதி ஊருக்கு விற்றுவிட்டேன்.

கோபுர அலைகள் உடம்பை என்ன செய்கின்றன என்று ஆராயும் டாக்டரம்மா ஒருவர் அண்ணியைத் தேடி வந்தார். மூடிய அறைக்குள் ஒரு கருவி அவ்வப்போது அலை அனுப்பும். எப்போது என்பது கம்ப்யூட்டருக்கு மட்டும் தெரியும். வலிக்கும்போதெல்லாம் அண்ணி சொல்ல வேண்டும். டாக்டரம்மா என்னைத் தனியே அழைத்தார்.

"அலை வர்றப்ப மட்டும் வலிச்சா சரி. இல்லேன்னா கோளாறு தலைக்குள்ள இருக்கு. உடனே ஸ்கேன் எடுத்தாகணும்."

நியாயமான பேச்சு. ஆனால் கோளாறு தலைக்குள் என்றால் ஜன்னலுக்கு யார் திரை வாங்குவார்கள்?

அண்ணிக்குப் பயம். தம்பி கூட இருந்தால்தான் உட்காருவேன் என்றுவிட்டார். என் செல்போனை வாங்கி வைத்துக்கொண்டார்கள். சட்டைப் பையிலிருந்த பேனாவை யாரும் கேட்கவில்லை. அதுவும் என் கடைச் சரக்குதான். அலை பட்டால் சத்தமில்லாமல் அதிரும். அதிர்ந்தபோதெல்லாம் அண்ணியின் கையை லேசாக அழுத்தினேன். பாவம், அவருக்குச் சூது தெரியாது. நான் அழுத்தியபோது நிஜமாகவே தலை வலித்தது. ஒன்றுகூடத் தப்பவில்லை. அலைதான் காரணம் என்று டாக்டரம்மா குறித்துக்கொண்டார்.

ஸ்கேன் பேச்சு அதோடு நின்றது. பிறகு அண்ணிக்கு வாந்தி வந்தது. சமையலறைக்கும் திரை போட்டேன். பார்வை மங்கியது, கூடத்துக்கும் போட்டேன். ஆஸ்பத்திரிக்குப் போகலாமா என்று அண்ணன் இழுத்தார்.

"டாக்டரே ஒத்துக்கிட்டாங்களேண்ணே," என்றேன். அண்ணன் அடங்கிவிட்டார்.

இறந்தவர் தலையில் எலுமிச்சை அளவு கட்டி இருந்ததாம், நீங்கள்தான் சொல்கிறீர்கள். இருக்கலாம். என்னை உறுத்துவது வேறு. கடைசியாக அவரைப் பார்த்தது ஒரு நண்பகலில். திரையெல்லாம் விலகிக் கிடந்தது. கூடம் முழுக்க வெயில்.

"ஏன் தம்பி இவ்ளோ இருட்டு? லைட்டைப் போடேன்," என்றார்.

கரண்ட் போயிருக்கிறது அண்ணி என்றேன்.

எழுதிக்கொள்ளுங்கள் சார். அவரிடம் நான் சொன்ன பொய் அது ஒன்றுதான்.